தம்பி ஜெர்மனியில்

பப்ஸ் ஷீட் இளக ஆரம்பித்துவிட்டது. ஃப்ரீசரிலிருந்து எடுத்து வெளியே வைத்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, வைகாசி வெயில் சமையலறை ஜன்னல் வழியாக வந்து மேடைமேல் படுத்துக்கிடக்கிறது, விரல் வைத்தால் விரல் பதிகிறது, வெண்ணெய் பிசுபிசுவென்று கையோடு வருகிறது. பேக்கரிக் கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார், ரொம்ப இளகவிட்றாதீங்கம்மா, அப்புறம் அடுக்கு எழும்பாது, சப்பாத்தி மாதிரி உட்கார்ந்துரும் என்று. சுகந்தி ஒரு ஷீட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஃப்ரிட்ஜுக்குள் தள்ளினாள். ஒவ்வொன்றாக எடுத்துச் செய்தால் ஆயிற்று. அவசரம் ஒன்றும் இல்லை. ஏன் இல்லை, ஆறு மணிக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வந்துவிடுவார்கள், அதற்குள் இதெல்லாம் வெந்து, ஆறி, தட்டில் அடுக்கி, அவள் குளித்துப் புடவை மாற்றி, முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்து, அதற்கும் முன்னால் அந்த இன்னொரு வேலை இருக்கிறது, அது இருக்கட்டும், முதலில் இந்தத் தட்டு முடியட்டும். சதுரமாக வெட்டினாள். துருவிய சீஸில் பச்சைமிளகாயும் மிளகுத்தூளும் கொத்தமல்லியும் கலந்து வைத்திருந்ததை நடுவில் ஒரு ஸ்பூன் வைத்தாள். ஓரத்தில் தண்ணீர் தொட்டுத் தடவி மூலைக்கு மூலை மடித்து, முள்கரண்டியால் அழுத்தினாள். முட்டை தடவக்கூடாது, மாப்பிள்ளையின் அம்மா சாருமதி சைவம், மேலே பால் தடவினால் போதும். பஜ்ஜி சொஜ்ஜியெல்லாம் வேண்டாம்மா என்றாள் சிந்துஜா, இனிமேதான் பொண்ணு பார்க்க வர்ற மாதிரி இருக்கும், எல்லாம் பேசி முடிச்சாச்சு, மோதிரம் மாத்திக்கப்போறோம், சும்மா ஒரு பார்ட்டி மாதிரி இருக்கட்டும், கோகுலுக்கு சீஸ் பப்ஸ்னா உயிர். சொல்லிவிட்டு பியூட்டி பார்லருக்குப் போய்விட்டாள். சிந்துஜாவின் அப்பா தனசேகர் பூவும் ஸ்வீட்டும் வாங்கப் போயிருக்கிறார். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, சமையலறைப் பக்கம் பார்க்காமலேயே சொன்னார், அவன்கிட்ட சொல்லிடு சுகந்தி, மறந்துடாதே. மறப்பதற்கு அது என்ன, பாலுக்கு உறை ஊற்றுவதா.

டக், டக், டக். நடையின் கடைசியில், சாத்தியிருக்கும் கதவுக்குப் பின்னால், மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தட்டுகிறது. வீட்டில் இப்போது இருப்பது அவளும் அந்த அறைக்குள் அவள் மகன் யுகேந்திரனும்தான். யுகி. அந்தச் சத்தத்தைச் சரிசெய்ய எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம் என்று அவர் எத்தனையோ தடவை சொல்லியும் அவள்தான் வேண்டாமென்றாள். அது தட்டுகிற வரைக்கும் அவன் உள்ளே இருக்கிறான், வேர்க்கிறது அவனுக்கு, காற்று வேண்டியிருக்கிறது, அப்படியென்றால் இருக்கிறான். பைத்தியக்காரத்தனம், ஆள் இல்லாவிட்டாலும் ஃபேன் சுற்றும். சுற்றுமா, சுற்றும், ஆனால் அதை நினைக்கக்கூடாது, அடுத்த சதுரத்தை எடு. காலையில் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்த இட்லித் தட்டு காலியாகத் திரும்பி வைக்கப்பட்டிருந்தது, சட்னியைத் தொடவில்லை, ஏன் தொடவில்லை, காரமா, நேற்று தொட்டிருந்தான். ஆடி வந்தால் ஒரு வருஷம் ஆகிறது. ஒரு வருஷமாகத் தன் பிள்ளையைக் காலித் தட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாள். இன்று சாதம் நிறைய சாப்பிட்டிருக்கிறான், நல்ல நாள். இன்று பொரியல் அப்படியே இருக்கிறது, நல்ல நாள் இல்லை. அவனிடம் என்ன சொல்ல வேண்டுமாம். ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை லைட் போடாதே. தண்ணீர் திறந்துவிடாதே. இருமாதே. வருகிற குழந்தைகள் ஓடியாடும்போது கதவைத் தள்ளிப் பார்க்கும், அதனால் வெளியே பூட்டுப் போடப்போகிறோம், யாராவது கேட்டால் பழைய சாமான் போட்டு வைத்திருக்கிற ரூம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதைத் தனசேகர் நேற்று மெதுவாகத்தான் சொன்னார், அதட்டவில்லை. மூணு மணி நேரம்தானே சுகந்தி. அவன் எப்படியும் வெளியே வரப்போறதில்ல. பூட்டினா என்ன, பூட்டாட்டி என்ன. உண்மைதானே. பூட்டினால் என்ன, பூட்டாவிட்டால் என்ன. ஆனால் அந்தப் பூட்டை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து அவர் வெளியே வைத்துவிட்டுப் போனது முதல் அவள் அந்த மேசைப் பக்கம் போகவில்லை.

பொய் சொல்லவேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. தை மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம், பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது எதிர்வரிசையிலிருந்து அவருடைய பெரியப்பா பையன் கேட்டார், என்ன சேகர், யுகிய எங்கயுமே காணோம், சென்னையிலதானே வேலை? தனசேகர் வாயில் ஜாங்கிரி இருந்தது. அதை விழுங்கிவிட்டுச் சொன்னார், ஜெர்மனி போயிருக்கான், மேல படிக்க. அவ்வளவுதான். அவள் கையில் அப்பளம் உடைந்தது. பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார்கள், சொல்லவே இல்லையே நீங்க, கண்ணு படும்னு மறைச்சிட்டீங்களா, அவளும் சிரித்தாள், என்ன செய்வாள், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்து சிரிக்காமல் என்ன செய்வாள். மறுநாளிலிருந்து அந்தப் பொய்க்குச் சோறு போட வேண்டியிருந்தது. எந்த ஊர் என்று கேட்டார்கள், ஸ்டுட்கார்ட் என்றார் அவர், கார் கம்பெனி இருக்கிற ஊர். பனி எப்படி என்று கேட்டார்கள், அவள் தினம் போனில் அந்த ஊர் வெயிலையும் மழையையும் பார்க்கப் பழகிக்கொண்டாள். சாப்பாட்டுக்கு என்ன பண்றான்? தானே சமைச்சுக்கறாங்க, ரசம் வைக்கக்கூடக் கத்துக்கிட்டான். இதைச் சொல்லும்போது அவளுக்குச் சந்தோஷமாக இருந்ததே, அதுதான் பயம். குளிருக்கு கனமான கோட்டு போட்டுக்கொண்டு, மூக்கு சிவந்து, ரயிலைப் பிடிக்க ஓடுகிற ஒரு யுகி, அவனை அவள் கண்ணால் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். துணி மடிக்கும்போது அவனை நினைத்துக்கொள்கிறாள். அவனுக்கு நண்பர்கள் இருக்கிறார்கள். அவன் தாடியை ஒழுங்காக மழித்துக்கொள்கிறான். சில நாள் அவள் நடையில் போகும்போது இந்தக் கதவைத் தாண்டியே போய்விடுகிறாள், உள்ளே இருப்பவன் யார் என்பதுபோல. தெய்வமே. முள்கரண்டி அழுத்தியதில் ஓரம் கிழிந்து சீஸ் வெளியே வந்தது. அதைச் சுருட்டித் தனியே வைத்தாள்.

போன ஆடியில் யுகி சென்னையிலிருந்து ஒரு பையோடு வந்து இறங்கினான். லீவாடா என்றாள். அலுப்பா இருக்கும்மா என்றான். தூங்கினான். வேலைக்குப் போய் ராப்பகலாகக் கம்ப்யூட்டரைப் பார்த்த அலுப்பு, தூங்கட்டும் என்று அன்று முழுக்க மிக்ஸிகூடப் போடாமல் அம்மியில் அரைத்தாள். மறுநாளும் தூங்கினான். அதற்கு மறுநாள் எழுந்து உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான், என்னடா என்றால் ஒண்ணுமில்லம்மா, யாராவது ஏதாவது சொன்னாங்களா, இல்லம்மா, பொண்ணு ஏதாவது, இல்லம்மா, பின்ன என்னடா, தெரியலம்மா. தெரியலம்மா. கோபித்துக்கொண்டிருந்தால், கத்தியிருந்தால், பாத்திரத்தைத் தூக்கி வீசியிருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். தெரியலம்மா என்பதில் எதைப் பிடிப்பது. திருச்சியில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த டாக்டரம்மா நல்லவள், நிதானமாகச் சொன்னாள், இது சோம்பேறித்தனம் இல்லம்மா, திமிரும் இல்ல, உடம்புக்கு ஒண்ணு வர்ற மாதிரி மனசுக்கு வந்திருக்கு, மாத்திரை வேலை செய்யக் கொஞ்ச நாள் பிடிக்கும், விடாம கூட்டிட்டு வாங்க. இரண்டு தடவை போனார்கள். மூன்றாவது தடவை காரில் ஏறமாட்டேன் என்றான். படியில் உட்கார்ந்துவிட்டான். அவர் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாததில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்ததை அவள் பார்த்தாள், பார்த்தும் சொல்லவில்லை, ஏனென்றால் அவளுக்கும் அன்று காரில் ஏறத் தெம்பில்லை. அவரைக் கல்நெஞ்சன் என்று சொல்ல முடியாது. விடியற்காலையில் பால் எடுக்க எழுந்தால் சில நாள் அவர் அந்தக் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்பார். அவளைக் கண்டதும் செய்தித்தாள் எடுக்க வந்தவர்போல வாசலுக்குப் போய்விடுவார்.

ஓவனைத் திறந்தாள். முதல் தட்டு பாழ். அடுக்கு எழும்பவில்லை, ஓரம் பிளந்து சீஸ் ஒழுகித் தட்டில் கொதித்துக் கருகிக்கிடந்தது. அதைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது, இதற்கா, இதற்குப் போய் அழுவார்களா, நாலு பப்ஸ் கருகியதற்கு. கரண்டியால் சுரண்டினாள். வெறும் வடை தட்டிப் போட்டிருக்கலாம், கைப்பழக்கம், கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். சிந்துஜாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவளுக்கும் வயசு ஏறுகிறது. தம்பியைப் பற்றிக் கோகுலிடம் மட்டுமாவது சொல்லிடலாமே என்று ஒருநாள் சுகந்தி கேட்டாள். சிந்துஜா தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணம் முடியட்டும்மா. அவங்க அம்மா நல்லவங்கதான். ஆனா பரம்பரையில இருக்கான்னு கேட்பாங்கம்மா. எனக்கும் வருமான்னு கேட்பாங்க. எனக்கே அது தெரியாதும்மா. அன்றைக்கு அவள் அழுததை யுகியும் கேட்டிருப்பான், சுவருக்கு அந்தப் பக்கம்தானே. எல்லாவற்றையும் கேட்டிருப்பான். அதுதான் இப்போது சொல்லப்போவதில் உள்ள கஷ்டமே, அவனுக்குத் தெரியாத எதையும் அவள் சொல்லப்போவதில்லை. இருந்தாலும் தன் வாயால் சொல்லவேண்டும். அடுத்த ஷீட். இது சில்லென்று இருந்தது, கத்தி சுத்தமாக இறங்கியது. கத்திகளையெல்லாம் மார்கழியிலிருந்து அவள் தன் பீரோவில் வைத்துப் பூட்டுகிறாள், வேண்டும்போது எடுத்து, கழுவி, திரும்பவும் பூட்டி. அந்தப் பனிக் காலையில் அவன் தானாகக் கதவைத் திறந்து பால்கனியில் நின்றிருந்தான், அவளுக்கு எவ்வளவு சந்தோஷம், காபி எடுத்துக்கொண்டு ஓடினாள், கிட்டே போனபிறகுதான் அவன் கீழே பார்த்துக்கொண்டிருந்த விதம் தெரிந்தது. தெருவைப் பார்க்கிறவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. அவன் கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது. வாடா, காபி ஆறிடும் என்றாள். வந்தான். அந்த வாரமே பால்கனிக்குக் கம்பி அடித்தார்கள், குரங்குத் தொல்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதுவும் ஒரு பொய். எத்தனைதான்.

இரண்டாவது தட்டு உள்ளே போயிற்று. கண்ணாடிக்குள் சிவப்பு வெளிச்சத்தில் மெதுவாக உப்ப ஆரம்பித்தது, அடுக்கடுக்காக, பேக்கரியில் வருவதுபோலவே. யுகி ஸ்கூல் படிக்கும்போது சத்திரம் பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் முட்டை பப்ஸ் வாங்கித் தருவாள், அவன் கடிக்கமாட்டான், ஒவ்வோர் அடுக்காக உரித்து உரித்துத் தின்பான், பஸ் வந்து போய்விடும், சட்டை முழுக்கப் பொருக்கு, சீக்கிரம் தின்னுடா என்று முதுகில் ஒன்று வைப்பாள். வெண்ணெய் வாசனை வீடு முழுக்கப் பரவியது. நடை வரைக்கும் போயிருக்கும். அப்போது ஓவனின் சிவப்பு வெளிச்சம் அணைந்தது. ஃப்ரிட்ஜ் ஒருமுறை குலுங்கி நின்றது. கரண்ட் போய்விட்டது. ஐயோ பப்ஸ் என்றுதான் முதலில் நினைத்தாள், அதற்குப் பிறகுதான் கேட்டது, கேட்காதது. டக் சத்தம் இல்லை. ஃபேன் நின்றுவிட்டது, கரண்ட் போனால் நிற்கத்தானே செய்யும், அது தெரியும், தெரிந்தும் கால் ஓடியது, மாவுக் கையோடு, நடையில் ஸ்டூலை இடித்துக்கொண்டு, கதவில் இரண்டு கையையும் வைத்தாள்.

“யுகி.”

வெளியே எங்கேயோ ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது.

“யுகி. டேய். யுகி.”

கட்டில் கிறீச்சிட்டது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “என்னம்மா,” என்றான் உள்ளிருந்து. எத்தனை நாள் கழித்து வந்த குரல், கரகரவென்று, வேறு யாருடையதோ போல.

“ஒண்ணுமில்லடா. கரண்ட் போயிடுச்சு.”

“ம்.”

“புழுக்கமா இருக்கா?”

“பரவால்லம்மா.”

இப்போது சொல்லிவிட வேண்டும். “இன்னிக்கு அக்காவுக்கு,” என்று ஆரம்பித்தாள்.

“தெரியும்.”

“அவங்க வீட்டுலருந்து ஆறு மணிக்கு…”

“தெரியும்மா. நான் ஜெர்மனியிலதானே இருக்கேன்.” அதில் குத்தல் இல்லை, கோபம் இல்லை. விலாசம் சொல்வதுபோலச் சொன்னான். பிறகு, “அங்க இப்ப மணி என்னம்மா?” என்றான்.

அவள் சுவர்க்கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். மூன்றரை மணி நேரத்தைக் கழித்தாள். கழித்து, சொன்னாள். “பன்னெண்டரை.” சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் கேட்டதும் சொல்லிவிட்டாளே. கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துகொண்டு, பெற்ற பிள்ளைக்கு அவன் இல்லாத ஊரின் மணியைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டாளே.

“பூட்டிக்கோம்மா,” என்றான் அவன். “அப்பா நேத்து சொன்னது காதுல விழுந்துச்சு. பூட்டிட்டா எனக்கும் நல்லதுதான். யாரும் திறந்துடுவாங்களோன்னு பார்த்துக்கிட்டே இருக்க வேண்டாம்.”

“யுகி, பப்ஸ் பண்ணியிருக்கேன்டா. எடுத்துட்டு வரட்டுமா?”

“வாசனை வந்துச்சு. அவங்கல்லாம் சாப்பிட்டு மிச்சம் இருந்தா வைம்மா.”

மிச்சம் இருந்தா. அவள் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு இருந்தாள். உள்ளே வந்து உன்னைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்க நினைத்தாள். கேட்டால் வேண்டாம் என்பான், வேண்டாம் என்பதைக் கேட்கும் தெம்பு இன்றைக்கு இல்லை, ஆறு மணிக்குச் சிரிக்க வேண்டும், தெம்பைச் செலவழிக்க முடியாது. கரண்ட் வந்தது. டக், டக். எழுந்துபோய் ஓவனைப் பார்த்தாள். பாதி வெந்ததில் நின்றிருந்தாலும் கெட்டுப்போகவில்லை, நன்றாகவே எழும்பியிருந்தது. மிச்சத்தையும் செய்து முடித்தாள். பூவும் ஸ்வீட்டுமாகத் தனசேகர் வந்தார், சொல்லிட்டியா என்று கண்ணாலேயே கேட்டார், அவள் தலையாட்டினாள். பூட்டை அவர் போடட்டும் என்று இருந்தாள். அவரும் அவள் போடட்டும் என்று இருந்தார், தாம்பாளத்தைத் துடைத்தார், துடைத்ததையே துடைத்தார். கடைசியில் அவள்தான் போனாள். சத்தம் வராமல் பூட்ட முடியுமா என்று பார்த்தாள், முடியவில்லை. உள்ளே ஃபேனை அவனே நிறுத்திவிட்டான்.

வந்தார்கள். கூடம் நிறைந்தது, மல்லிகை மணம், குழந்தைகளின் கூச்சல், யாரோ யாரையோ ஃபோட்டோவுக்குக் கிட்டே வரச் சொன்னார்கள். மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். சிந்துஜா அழகாக இருந்தாள், அவ்வளவு அழகாக இருந்ததைப் பார்க்கவே சுகந்திக்குப் பயமாக இருந்தது. பப்ஸ் தட்டு சுற்றி வந்து காலியாகிக்கொண்டே இருந்தது. சாருமதி ஒன்றை எடுத்துப் பிட்டு, “கடையில வாங்கினதா, வீட்டுலயா?” என்றார். வீட்டில்தான் என்றதும் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல கை, மெத்தென்று இருந்தது, இந்தக் கையிடம் சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் அவரே கேட்டுவிட்டார், “ஆமா, தம்பிய மட்டும் விட்டுட்டோமே. ஒரு வீடியோ கால் போடுங்களேன். அக்கா நிச்சயத்த அவனும் பார்க்கட்டும்.” எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். தனசேகர், “இப்ப லேப்ல இருப்பான்” என்றார். “ஒரு நிமிஷம் பேசறதுக்கு என்ன, போடுங்க சம்பந்தி” என்றார் கோகுலின் அப்பா. சிந்துஜா அம்மாவைப் பார்த்தாள். போட்ட புது மோதிரத்தைத் திருகிக்கொண்டே பார்த்தாள். எல்லாம் இதோ உடையப்போகிறது, உடையட்டும், உடைந்தால் கதவைத் திறந்துவிடலாம் என்று சுகந்தி நினைத்த அந்த நேரத்தில் சிந்துஜாவின் போன் அடித்தது. யுகி என்று பெயர் வந்தது.

வீடியோ இல்லை, குரல் மட்டும். கோகுல் உற்சாகமாக வாங்கி ஸ்பீக்கரில் போட்டான். “அக்கா, வாழ்த்துக்கள்,” என்றது குரல். மத்தியானம் கேட்ட குரல் இல்லை அது. தெளிவாக, வெளிச்சமாக இருந்தது. “மாமா, எங்க அக்கா கோபக்காரி, பார்த்துக்கங்க. வீடியோ போட முடியல, இங்க லேப்ல விடமாட்டாங்க.” எல்லோரும் சிரித்தார்கள். குளிர் எப்படி என்று யாரோ கேட்டார்கள். “இப்பதான் விட்டிருக்குங்க, நல்ல வெயில்,” என்றான். அவன் சிரித்தான். ஒரு வருஷத்தில் கேட்காத சிரிப்பு. போனிலிருந்து வந்த அந்தச் சிரிப்புக்குப் பின்னாலேயே, நடைப் பக்கமிருந்து, மிக மெலிதாக, அதே சிரிப்பு இன்னொரு தடவை வந்தது. சுகந்தி தட்டுகளை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாகச் சத்தமாக அடுக்கினாள். “எவ்வளவு தெளிவா கேக்குது பாருங்க,” என்றார் சாருமதி. தனசேகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கிருந்துடா எடுத்து வந்தாய் இந்தக் குரலை, எங்கே வைத்திருந்தாய், இவ்வளவு நாள் எங்களுக்குத் தராமல். ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் அந்த யுகிதான் பேசுகிறான், கோட்டு போட்டவன், ரசம் வைக்கத் தெரிந்தவன். அவனால் மட்டும்தான் சிரிக்க முடிகிறது. அந்தக் கதவைத் திறந்தால் அவன் இருக்கமாட்டான்.

“அம்மாகிட்ட குடுங்க மாமா,” என்றான். ஸ்பீக்கரை அணைக்காமலேயே போன் அவள் கைக்கு வந்தது.

“அம்மா, சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்டா. நீ?”

“இனிமேதாம்மா.”

எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பிள்ளையோடு பேசும் தாயைப் பார்க்கிற முகங்கள், கனிந்துபோய். வைத்துவிடு, உடம்பைப் பார்த்துக்கோ என்று சொல்லி வைத்துவிடு. அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“எப்படா வருவே?”

மூச்சு மட்டும் கேட்டது. கூடத்தில் யாரோ ஒரு குழந்தையை அதட்டி அடக்கினார்கள். “யுகி,” என்றாள், “எப்படா வருவே கண்ணா?”

“தெரியலம்மா,” என்றான். அந்த வெளிச்சம் போயிருந்தது, மத்தியானக் குரல் திரும்பியிருந்தது. “ரொம்ப தூரமா இருக்கும்மா.”

போன் அணைந்தது. அணைந்தபிறகும் அவள் அதைக் காதருகே வைத்திருந்தாள். சாருமதி எழுந்துவந்து அவளுடைய தோளை அணைத்து, தன் புடவைத் தலைப்பாலேயே அவள் முகத்தைத் துடைத்தார். “அழாதீங்க சம்பந்தி. பிள்ளைங்கள அவ்வளவு தூரம் அனுப்பிட்டு இருக்கிற எல்லா அம்மாவுக்கும் இதே கஷ்டம்தான். படிப்பு முடிஞ்சதும் ஓடி வந்துடுவான்.”

“ஆமாங்க,” என்றாள் சுகந்தி.